கல்வத்தின் பக்கத்தில் மட்டும்

786
அணுசக்தி நகர்
3-9-1985

தம்பி நாகூர் மீரானுக்கு உன் லாத்தா நஜ்முன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது.

இனி என் வாசல்படி ஏறாதே என்றாய். சரி, ஏறவில்லை. தபால்காரன் ஏறலாம் அல்லவா? கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

பக்ரீத் அன்று நான் உன் மகளைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. "மெஹராஜ ஒரு டாக்டர்ட்ட காட்டுவமா?" என்றுதான் கேட்டேன். உன் மாமனார் வீட்டு ஆட்கள் சோற்றில் கை வைத்திருந்த நேரத்தில் கேட்டது என் புத்திக்குறைவு. அதற்கு நீ என்னை எல்லார் முன்னாலும் எழுப்பி அனுப்பினாய். உன் மச்சான் பஸ்ஸில் என்னை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். என் புருஷனின் அந்த முதுகுதான் எனக்குப் பெரிய திட்டு.

நீ கோபப்படு. ஆனால் நான் பார்த்ததைக் கேள். இங்கே பாலர் வகுப்பில் இத்தனை வருஷமாக மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளோடுதான் மாரடிக்கிறேன். சேட்டைக்காரப் பிள்ளை எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். ஓடிவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கும். மெஹராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் ஏறவில்லை. ஒரு வாய் சோற்றுக்குக்கூட உட்காரவில்லை. உன் மாமனார் வீட்டுச் சின்னப் பையனைக் கடித்துவிட்டு, அவன் எதற்கு அழுகிறான் என்று புரியாமல் நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். அப்புறம் எழுந்துபோய்ச் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றாள்.

இதெல்லாம் போகட்டும். மூன்று வயதில் அல்ஹம்து சூராவைக் கடைசி வார்த்தை வரை ஓதிக் காட்டிய பிள்ளை அவள். அன்று என் மடியில் வைத்து ஓதச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டாள். மறந்த பிள்ளை வெட்கப்படும். இவள் அப்படி ஒன்றை எப்போதும் தெரிந்திராதவள் போல என்னைப் பார்த்தாள்.

மாட்டுங்காவில் திருவேங்கடம் என்று ஒரு குழந்தைகள் டாக்டர் இருக்கிறார், நம் தமிழ் ஆள். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பொறுமையாகப் பார்ப்பார். கூட்டிக்கொண்டு வா. என் மேல் உள்ள கோபத்தை வேறு எதிலாவது காட்டிக்கொள்.

லாத்தா


786
தாராவி
15-9-1985

லாத்தாவுக்கு ஸலாம்.

கிழிக்கவில்லை. படித்தேன். படித்ததும் ரத்தம் கொதித்தது.

குவார்ட்டர்ஸில் இருக்கிறாய். கீழே புல்தரை, ஊஞ்சல், வாட்ச்மேன். உன் பிள்ளைகள் உட்கார்ந்துதான் இருக்கும். இங்கே கதவைத் திறந்தால் சாக்கடை, அதைத் தாண்டினால் கைவண்டி. இந்தச் சந்தில் ஓடாத பிள்ளை ஒன்றைக் காட்டு. இங்கே பிள்ளைக்கு மஸ்தி, சேட்டை இல்லையென்றால்தான் டாக்டரைக் கூப்பிடுவோம்.

பால்வாடியில் இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், கடிக்கிறாளாம். உனக்கு இது தெரிந்தால் சந்தோஷமாக இருக்கும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

கண் பட்டிருக்கிறது. வேறொன்றும் இல்லை. பிறந்தபோது எப்படி இருந்தாள், நீயே தூக்கிக்கொண்டு நிலா மாதிரி என்றாயே. மசூதி ஹஜ்ரத்திடம் கொண்டுபோய் ஓதிப் பார்த்தோம். தண்ணீர் கொடுத்தார். பெற்றவள் ஹபீபா காலையிலும் மாலையிலும் கண்ணில் சுர்மா அடர்த்தியாகப் போட்டுவிடுகிறாள். கடையில் விற்கிறதை இல்லை, நானே பன்னீர் விட்டு ஏழு நாள் அரைத்த முதல் தரம். கண் திருஷ்டிக்கு அதைவிட என்ன இருக்கிறது?

ஒன்று சொல்கிறேன், உன் டாக்டரிடம் கேள். நான் கல்வத்தில் சுர்மாக் கல்லை அரைக்க உட்கார்ந்தால் மெஹராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். விழுகிற பொடியைக் கையால் அளைந்துகொண்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் இருப்பாள். அந்த இடத்தில் மட்டும் தங்கமான பிள்ளை. பைத்தியம் பிடித்த பிள்ளை அப்படி உட்காருமா?

சின்னவன் ஹனீபுக்கு மூன்று மாதம் முடிந்தது. நன்றாக இருக்கிறான். சுர்மாவுக்குச் சீசன் நேரம், எனக்குத் தலைக்கு மேல் வேலை. இனி இதைப் பற்றி எழுதாதே.

நாகூர் மீரான்


786
அணுசக்தி நகர்
20-10-1985

தம்பிக்கு,

இதை நீ என் வாயால் கேட்க வேண்டும். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மாஹிம் தர்காவுக்கு நேர்ச்சை என்று சொல்லிவிட்டு ஹபீபா இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தது மாட்டுங்காவுக்கு. அவளைத் திட்டாதே. அன்று என்னை முறைத்தவள்தான். "மயினி, ராவெல்லாம் தலைய செவுத்துல முட்டுதா, எனக்குப் பயமா இருக்கு" என்று பஸ் ஸ்டாப்பில் என் தோளில் சாய்ந்து அழுதாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவே இல்லை. தரையில் பொம்மைகளைப் போட்டுவிட்டு மெஹராஜை வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், எதெல்லாம் தெரிந்து எதெல்லாம் மறந்துபோனது என்று ஹபீபாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பல்லை ஒட்டி ஈறின் ஓரத்தில் கருநீலமாக ஒரு கோடு. எனக்கும் காட்டினார்.

"கொழந்தையோட அப்பா என்ன வேல பண்றார்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். சுர்மா அரைத்து மசூதி வாசலில் விற்கிறான் என்று. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"வீட்டுலயே அரைக்கறாரா?"

ஹபீபா பதில் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது, மெஹராஜின் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி, பஜாரில் சுர்மாக் கல் என்று உன்னிடம் எடை போட்டுத் தருகிறார்களே, அந்தப் பளபளக்கும் கல், அதில் பெரும்பாலும் ஈயமாம். பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் முதலில் மூளையைத்தான் பிடிக்குமாம். உட்கார முடியாது, கவனம் நிற்காது, கற்றதெல்லாம் உதிரும். "ரத்தம் பாத்தாதான் நிச்சயமா சொல்ல முடியும். ஆனா நான் அதுக்காகக் காத்திண்டிருக்க மாட்டேன், இன்னிக்கே நிறுத்துங்கோ" என்றார். ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ரிசல்ட் வரச் சில வாரம் ஆகுமாம்.

கண்ணேறும் இல்லை, சேட்டையும் இல்லை, ஜின்னும் இல்லை. அவள் அங்கே உட்கார்ந்தது அமைதிக்காக இல்லை, சுவர்ச் சுண்ணாம்பைப் போல அந்தப் பொடியையும் தின்னத்தான். கல்வத்தை அந்த அறையைவிட்டு வெளியே எடு. இன்றைக்கே எடு. உன் காலில் விழுந்து சொல்கிறேன்.

லாத்தா


786
தாராவி
27-10-1985

நஜ்முன்னிசாவுக்கு,

லாத்தா என்று எழுதக் கை வரவில்லை.

என் வீட்டுப் பொம்பளையைப் பொய் சொல்ல வைத்து, என் பிள்ளையின் ரத்தத்தை என்னைக் கேட்காமல் எடுத்திருக்கிறாய். ஹபீபாவின் கன்னம் இரண்டு நாள் வீங்கி இருந்தது. அதற்கும் நீதான் பொறுப்பு.

சுர்மா சுன்னத், நபிவழி. நபிகள் போட்டுக்கொண்டது. அதை விஷம் என்று ஒரு டாக்டர் சொன்னாராம், நீ தலையாட்டினாயாம். நம் வாப்பா சாகும்வரை இதைத்தான் அரைத்தார். அந்தக் காசில்தான் நீ டீச்சர் ட்ரெய்னிங் படித்தாய். நீயும் நானும் அந்தப் பொடிக்குள்தானே புரண்டு வளர்ந்தோம்? உனக்கு மூளை கெட்டதா, எனக்குக் கெட்டதா? உனக்குக் கெட்டிருக்கிறது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

உன் புருஷன் வேலை பார்க்கிற இடத்தில் என்ன அரைக்கிறார்கள், என்ன உருக்குகிறார்கள், அவர் எந்தத் தூசியை வீட்டுக்குக் கொண்டுவருகிறார் என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா? பெரிய இடத்துத் தூசி என்றால் தூசி இல்லை, ஏழை வீட்டுத் தூசி என்றால் விஷம். நல்ல நியாயம்.

கல்வத்தை எங்கே எடுத்துப் போவேன்? ரோட்டில் வைத்தால் முனிசிபாலிட்டிக்காரன் தூக்கிப் போவான். இருப்பது ஒரு அறை. அரைக்கவில்லையென்றால் அடுப்பு எரியாது. உன் டாக்டர் வந்து சோறு போடுவாரா?

மெஹராஜ் ரோட்டுக்கு ஓடாமல் இருக்க ஹபீபாவின் பழைய சேலையால் காலைக் கட்டிலில் கட்டிப் போட்டிருக்கிறேன். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. எழுதாதே. வராதே.

மீரான்


786
அணுசக்தி நகர்
2-12-1985

தம்பி,

எழுதாதே என்று இரண்டு முறை சொன்னாய், எழுதாமலும் இருந்து பார்த்தேன். இன்று ரிசல்ட் வந்திருக்கிறது. இனி உன் ரோஷம் எனக்கு முக்கியமில்லை.

ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. டாக்டர் எண்ணைச் சொன்னார், எனக்குப் புரியவில்லை, அவர் குரல் புரிந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டு ஈயத்தை வெளியேற்ற வேண்டுமாம். காத்திருந்தால் வலிப்பு வரும், வலிப்பு வந்தால் அப்புறம் பிள்ளை திரும்பி வருவது அல்லாஹ் கையில் என்றார். "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா நான் இவ்வளவு பயப்பட மாட்டேன்" என்றார். நான் அதற்கும் முன்னாலேயே கவனித்தேன், போன வருஷத்து நோன்புப் பெருநாளில். யார் வீட்டுப் பிள்ளை, நமக்கென்ன பொல்லாப்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மச்சான் வேலை பார்க்கும் இடத்துத் தூசியைக் கேட்டாய். சொல்கிறேன். அங்கே உள்ளே போகிறவர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் மாட்டி அனுப்புகிறார்கள். அதைத் திரும்ப வாங்கி, உடம்பில் எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறார்கள். கூடினால் வேலையை மாற்றுகிறார்கள். உன் மகள் சட்டையில் யார் என்ன மாட்டினார்கள்? அதுதான் பெரிய இடத்துக்கும் ஏழை வீட்டுக்கும் உள்ள நியாயம். அது எனக்கும் எரிகிறது. அதற்காக உன் பிள்ளையைப் பலி கொடுப்பாயா?

இன்னொன்று எழுதினாய். நீயும் நானும் அந்தப் பொடிக்குள் வளர்ந்தோமே, என்ன கெட்டுப்போனோம் என்று.

மீரான், நாம் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். ஷரீஃபுன்னிசாவை உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது தொட்டிலில். உனக்கும் எனக்கும் நடுவில் பிறந்தவள். அவளும் கடிப்பாள், ஓடுவாள். அவளுக்கும் கல்வத்தின் பக்கத்தில்தான் இருக்கப் பிடிக்கும், வாப்பா "எம் பொண்ணு எனக்குத் தொணை" என்று பெருமையடிப்பார். ஐந்து வயதில் வலிப்பு வந்து வாயில் நுரையோடு போனாள். ஜின் அடித்துவிட்டது என்று உம்மா கடைசிவரை சொன்னார்கள். நானும் அதைத்தான் நம்பினேன், போன மாதம்வரை நம்பினேன்.

வாப்பா புறவாசலில் வைத்து அரைத்தார், காற்று வீசியது, நாம் இரண்டு பேர் பிழைத்தோம். நீ கதவைச் சாத்திக்கொண்டு அரைக்கிறாய். அதே அறையில் சோறு, அதே அறையில் தொட்டில். கட்டிலில் கட்டிப் போட்டேன் என்றாயே, எங்கே கட்டியிருக்கிறாய் என்று கொஞ்சம் நிமிர்ந்து பார்.

லாத்தா


786
தாராவி
25-1-1986

லாத்தா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ அன்று வார்டுக்கு வந்து அவள் காலைத் தடவிக்கொண்டு நின்றபோது தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகும் நான் கல்வத்தை எடுக்கவில்லை. இந்த ஆர்டர் முடியட்டும் என்று இருந்தேன். ஷரீஃபுன்னிசாவைப் பற்றி எழுதியதைப் படித்து உன்னைப் பொய்க்காரி என்றேன், ஹபீபா கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு விடிகாலை சுபுஹு தொழுகை நேரத்தில் மெஹராஜுக்கு இழுத்துக்கொண்டது. கட்டில் கால் தரையில் தடதடவென்று ஆடியது. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை லாத்தா, கத்தியால் அறுத்துத்தான் தூக்கினேன். ஹஜ்ரத் வீட்டுக்கு ஓடினேன். அவர் பிள்ளையைத் தொடவே இல்லை. "மருந்து செய்யறதும் சுன்னத்துதாம்பா, ஓடு ஆஸ்பத்திரிக்கு" என்று டாக்சியை அவரே மறித்தார்.

முதல் சுற்று ஊசி முடிந்துவிட்டது. ஈயம் இறங்கியிருக்கிறது என்கிறார்கள். மெஹராஜ் இப்போது கடிப்பதில்லை, ஓடுவதும் இல்லை. சுவரில் வெயில் விழுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாப்பா என்று சொல்லு என்றேன். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. திரும்ப வருமா என்று கேட்டேன். வந்தது மிச்சம், போனது போனதுதான் என்கிற மாதிரி அந்தச் சின்ன டாக்டரம்மா ஹிந்தியில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஹனீபுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கும் இருக்கிறது, கொஞ்சம். நேரத்தில் பார்த்துவிட்டோம், சரியாகிவிடுவான் என்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை. வேறொன்று சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்ல முடியாது.

அடுத்த சுற்று ஊசி மருந்தில் பாதியை வெளியில் வாங்கச் சொன்னார்கள். வீட்டில் அரைத்து வைத்த சரக்கு இருந்தது. நேற்று ஜும்ஆ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மசூதி வாசலுக்குப் போனேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும், பிள்ளையைக் கொண்டுவந்தால் கண்ணுக்கு முதல் குச்சி சுர்மாவை நம் கையால் இலவசமாகப் போட வேண்டும். கொண்டுவந்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு, தலையைப் பிடித்துக்கொண்டு, "பாய், நம்ம புள்ளைக்கும் போடுங்க" என்று வரிசையாகக் கொண்டுவந்தார்கள். பிஸ்மி சொல்லிப் போட்டேன். எல்லாம் தெரிந்துதான் போட்டேன். கை நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை லாத்தா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மீரான்


786
அணுசக்தி நகர்
29-1-1986

மீரான்,

உன் கடிதத்தை மச்சானிடம் காட்டவில்லை. காட்டினால் உன் முகத்தில் இந்த ஜென்மத்தில் விழிக்க மாட்டார்.

படுபாவி. நீ அழுதாய் என்று எழுதியிருந்தால் இங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். அழுததாக எழுதாததால்தான் பதில் எழுதுகிறேன்.

மருந்துக்கு இனி நாங்கள் பார்த்துக்கொள்வோம், அதைப் பற்றி நீ வாய் திறக்கக் கூடாது. மிச்சச் சரக்கைச் சாக்கடையில் கொட்டாதே, அங்கேயும் பிள்ளைகள்தான் விளையாடுகிறார்கள். டப்பாவில் மூடி வை, எங்கே போடுவது என்று டாக்டரிடம் கேட்டு வருகிறேன்.

நீ குச்சி போட்ட பிள்ளைகளின் தாய்மாரில் பாதிப் பேர் உனக்குப் பழக்கமான முகம். எந்தச் சந்து, எந்த வீடு என்று கேட்டால் தெரியும். வெள்ளிக்கிழமை வருகிறேன். உன் படி ஏறுவேன், தடுத்துப் பார். இரண்டு பேருமாக வீடு வீடாகப் போகிறோம். திட்டுவார்கள், வாங்கிக்கொள். அடித்தாலும் வாங்கிக்கொள். அப்புறம் நீயே தனியாகப் போகப் பழகு. நான் வாத்தியாரம்மா, நான் சொன்னால் படித்த திமிர் என்பார்கள். விற்றவன் சொன்னால்தான் கேட்பார்கள்.

லாத்தா


786
தாராவி
23-2-1986

லாத்தாவுக்கு ஸலாம்.

நீ வந்த அன்று போன வீடுகளுக்குப் பிறகு நான் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். முனைக் கடைக்காரரிடம் மூட்டை தூக்குகிறேன். வேலை முடிந்து சாயந்திரம் போகிறேன்.

நல்லபடியாக எழுத ஆசைதான். பாதி வீட்டில் சிரிக்கிறார்கள். "புள்ளைக்கு ஒடம்பு முடியலன்னதும் பாய்க்கு மூளை பெரண்டு போச்சு" என்று என் காதுபடவே சொன்னாள் ஒருத்தி. ஒரு வீட்டில் புருஷன்காரன் சட்டையைப் பிடித்துவிட்டான், இவ்வளவு நாள் விற்றாயே என்று. அவன் கேட்டது சரி, நான் அவன் கையை விலக்கவில்லை. மசூதி வாசலில் என் இடத்தில் வேறொருவன் பெட்டி வைத்துவிட்டான். அதே பஜார், அதே கல். அவனிடமும் சொன்னேன், போட்டிக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

நேற்று கும்பார்வாடா பக்கம் மதீனா பீவி என்று ஒருத்தி வீட்டுக்குப் போனேன். மகனுக்கு மூன்று வயது. நான் வாசலில் நிற்கும்போதே பார்த்தேன். அவள் கூப்பிடுகிறாள், அவன் திரும்பவில்லை. சுவரில் நகத்தை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தான். முன்பென்றால் மஸ்தி என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்திருப்பேன்.

உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எனக்கும் மனசுக்குள்ள உறுத்திட்டுத்தான் இருந்துச்சு பாய், எங்க வீட்டுல சொன்னா ஏசுதாங்க" என்றாள். திருவேங்கடம் டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். திங்கள்கிழமை நானே கூட்டிப் போவதாகச் சொன்னேன்.

கிளம்பும்போது கேட்டாள். "இப்பக் கொண்டுபோனா சரியாயிருமா பாய்?"

"சீக்கிரம் பாத்தா சரியாயிரும்னு டாக்டர் சொல்லுதாரு."

"ஒங்க புள்ளைக்கு?"

"எம் புள்ளைக்கு எங்க லாத்தா சீக்கிரமே பாத்துட்டா. நாந்தான் கேக்கல" என்றேன்.

இந்த வார்த்தையை நான் முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். யாரோ ஒருத்தி வாசலில் நின்றுதான் சொல்ல வந்தது.

மெஹராஜை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நீ வா.

மீரான்